பல்பொடி டப்பா இல்லாமல் எடுத்த படம்

என் வயதுக்காரர்களே, உங்களோடுதான் எனக்குச் சண்டை. ஆளுக்கொரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வாட்ஸப்பில் போட்டுவிட்டு, அந்தக் காலத்து வெளிச்சமே தனி, அந்த முகங்களில் ஒரு தெய்வீகம் என்று ஆளாளுக்குப் பெருமூச்சு விடுகிறீர்கள். தெய்வீகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது என்ன வெளிச்சம் என்று எனக்குத் தெரியும். அந்த வெளிச்சம் எங்கள் வீட்டில் செய்த வேலையைச் சொல்கிறேன், பிறகு நீங்கள் பெருமூச்சு விடுங்கள்.

போன வாரம் என் தங்கை மகனும் உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இருந்த வீட்டைக் காலி செய்யப் போனவன், பரணிலிருந்து அவருடைய மடக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதற்கு எங்கிருந்தோ ஃபிலிம் வரவழைத்து நாலு படம் எடுத்து எனக்கு அனுப்பினான். பின்னாலேயே போனும் போட்டான்.

"பெரியம்மா, இந்த லென்சுல கோட்டிங்கே கிடையாது. அதான் வெள்ளையெல்லாம் இப்படி வழிஞ்சு ஒரு க்ளோ வருது. இப்ப இதுக்குத்தான் மவுசு."

"டப்பா எங்கடா?" என்றேன்.

"எந்த டப்பா?"

"கேமராவோட ஒரு பல்பொடி டப்பா இருந்திருக்குமே. ரெண்டு பக்கமும் அடி இல்லாம."

"அதுவா? ஒரே துரு. தூக்கிப் போட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டேன். அந்தக் கேமராவில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். அதைக் குப்பையில் போட்டுவிட்டு என்னிடம் வந்து மவுசு பேசுகிறான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்குப் பதினொரு வயது. நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். அந்த வருடம் ஆலை மூடிக் கிடந்தது. ஆலை மூடினால் என்ன ஆகும் என்பது சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒரு மாதிரி தெரியும், பிள்ளைகளுக்கு வேறு மாதிரி தெரியும். எனக்குச் சங்குச் சத்தம் நின்றதுதான் தெரிந்தது. காலைச் சங்குக்கு எழுந்து, மத்தியானச் சங்குக்குச் சாப்பிட்டுப் பழகிய வீடு. சங்கு நின்ற பிறகு யாருக்கு எப்போது பசிக்கும், அப்பாவுக்கு எப்போது கோபம் வரும் என்று எதுவும் பிடிபடவில்லை. பஞ்சுத் தூசி படிந்த அவருடைய காக்கிச் சட்டையை அம்மா துவைத்து மடித்து வைத்தாள். அது மடித்தபடியே கிடந்தது.

அதற்கு முந்தின வருடம் அப்பா ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊர் நாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஒட்டிய வயிறு. ஒரு பொட்டுக்கூட நிறம் இருக்கக் கூடாது. மலையடிவாரத்தில் ஒரு தோப்பு வீட்டுக்கு பம்ப்செட் பழுது பார்க்கப் போனவர், அங்கே ஒரு குட்டியைத் தனியாக வாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, "செவிடி குக்க" என்று தெலுங்கில் சொல்லிக் காதைத் தொட்டுக் காட்டினார்களாம். அந்த வெள்ளை நாய்களில் சில செவிடாகப் பிறக்கும். காது கேட்காத குட்டியை யாரும் வளர்க்க மாட்டார்கள். வாளித் தண்ணீரில் அமுக்கிவிடுவார்கள். இதற்கு இடது காதின் பின்பக்கம் ஒரு பழுப்புக் கறை வேறு, புளியங்கொட்டை அளவில். ஆக, இரண்டு குற்றம். அப்பா அதைத் தூக்குச்சட்டிப் பையில் போட்டு சைக்கிளில் மாட்டிக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் நல்லவராக இருந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் மாமாவின் கேமரா மாதிரி ஆகிவிடுவேன்.

நாய் என் பொறுப்பில் வளர்ந்தது. அதற்குப் பெயர் வைக்கவில்லை. காது கேட்காததற்குப் பெயர் எதற்கு? முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கடப்பைக் கல் போட்டு மூடியிருந்தார்கள். நாய் அந்தக் கல்லின் மேல்தான் படுத்துக்கிடக்கும். நான் அந்தக் கல்லில் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுவேன். கீழே தொட்டி வெற்றாக இருப்பதால் கல் அதிரும். உடனே எழுந்து திரும்பி என்னைப் பார்க்கும். மண் தரையில் தட்டினால் அதற்குத் தெரியாது, முகத்துக்கு நேரே போய் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்ட வேண்டும். இது எனக்கும் அதற்கும் மட்டும் உள்ள ஏற்பாடு. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. நாய்க்குக் காது கேட்காது என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்பது மட்டும் அவர் சட்டம். செவிட்டு நாய் வளர்க்கிறோம் என்றால் தெருவில் சிரிப்பார்களாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரைஸ்மில் முதலாளி. மெஷின் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று அப்பாவுக்குத் தகவல் வந்தது. அப்பா போய்ப் பார்த்தார். ஆவணியில் முதலாளி மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு மதுரை. சீர்வரிசையோடு ஒரு சுத்த வெள்ளை ராஜபாளையம் நாயும் வேண்டும் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டாராம். கட்டில், பீரோ, நாய். எங்கள் அப்பா உடனே, "நம்ம வீட்லயே இருக்கு மொதலாளி. பால் மாதிரி. பொட்டுக் கறை கெடையாது" என்று சொல்லிவிட்டார். "போட்டோ கொண்டாரும், மாப்ள வீட்டுக்குக் காட்டணும். நாய் வந்துட்டா நீரும் வந்து வேலைல சேந்துக்கிடும்" என்றாராம் அவர்.

இதை வீட்டில் வந்து அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா மட்டும், "கறை உண்டே?" என்றாள். "அதுக்குத்தான் ஒன் தம்பி இருக்கானே" என்றார் அப்பா.

மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். பழுப்பேறிய நகம், பக்கத்தில் வந்தால் படம் கழுவுகிற மருந்து வாடை, பேச்சில் எந்நேரமும் ஒரு இளக்காரம். ஸ்டூடியோக் கேமரா வேறு, இந்த மடக்குக் கேமரா அவருடைய சொந்தச் சொத்து. யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்று பீற்றிக்கொள்வார். புது லென்சைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா நிறம் மினுங்கும், பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். இது வெறும் ஜன்னல் கண்ணாடி மாதிரி இருக்கும், பூச்சே கிடையாது. வெயில் அதன் மேல் விழுந்தால் வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே அங்கும் இங்கும் மோதி, படம் முழுக்கப் பால் கொட்டின மாதிரி ஆகிவிடும்.

அதைத் தடுக்கத்தான் பல்பொடி டப்பா. அடியையும் மூடியையும் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே விளக்குப் புகையும் எண்ணெயும் குழைத்துக் கறுப்பாகப் பூசியிருந்தார். லென்சின் மேல் அதை மாட்டினால் பக்கவாட்டு வெயில் உள்ளே வராது. உள்ளது உள்ளபடி விழும். பள்ளிக்கூடத்துக்கு என்னைப் படம் எடுத்தபோது மாட்டினார், என் நெற்றித் தழும்பு வரை துல்லியமாக வந்தது. பெண் பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கிற படம் என்றால் டப்பாவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அம்மைத் தழும்பு, மரு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாம் கரைந்துபோகும். "நான் பொய் சொல்லல, வெளிச்சம் சொல்லுது" என்பார். இப்படி எத்தனை வீட்டில் கல்யாணத்துக்குப் பிறகு சண்டை நடந்தது என்று எனக்குத் தெரியாது. நிச்சயம் நடந்திருக்கும்.

நாயைப் படம் எடுக்க ஒரு மத்தியானம் வந்தார். முற்றத்துச் சுவருக்கு அப்பா முந்தின நாள்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார். கண் கூசியது. நாயின் இடது காது வெயில் பக்கம் இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். மாமா பக்கவாட்டில் வெயில் விழும்படி குனிந்தார். லென்சில் வெயில் பளீரென்று அடித்தது. டப்பா அவருடைய சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"மாமா, டப்பா மாட்டலியே" என்றேன்.

"வாய மூடிட்டு நில்லுட்டி. தெரிஞ்சவ மாதிரி வந்துட்டா."

"மறந்துட்டீயளோன்னு சொன்னேன்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடினேன். மாமா இரண்டு படம் எடுத்தார்.

அடுத்த வாரம் அச்சுப்போட்டுக் கொண்டுவந்தார். நாய் படத்தில் நெருப்புப் பிடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. முதுகு எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. இடது காதில் ஒன்றுமே இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மூக்கே இல்லை, இரண்டு கண்ணும் ஒரு சடையும் மட்டும் இருந்தன. "எம்புட்டு லட்சணமா இருக்கு பாருங்க அத்தான்" என்றார் மாமா. அப்பா ஒரு படத்தை ரைஸ்மில்காரருக்குக் கொண்டுபோனார். இன்னொன்றைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார்.

அச்சு வந்த அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவும் மாமாவும் முற்றத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நான் நாய்க்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். நாய்க்குக் காது கேட்காது என்பதால் எனக்கும் கேட்காது என்று நினைத்துவிட்டார்கள் போல.

"நேர்ல பாத்தா கறை தெரிஞ்சிருமே மாப்ள" என்றார் அப்பா.

"பவுடரப் போட்டு அமுக்கிருவோம். கல்யாண அவசரத்துல யாரு காதப் பொரட்டிப் பாக்கப் போறா?"

"செவிடுன்னு தெரிஞ்சா?"

"அது தெரிய ஒரு மாசம் ஆவும். பொறவு அவிய பாடு. தண்ணில அமுக்குதாகளோ, ரோட்ல வெரட்டி விடுதாகளோ. ஒங்களுக்கு வேல நெலச்சிரும்லா?"

வாளிக்குப் பக்கத்திலிருந்து அதைத் தூக்கிவந்த அதே மனுஷன், இப்போது சும்மா உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று சோற்றுக் கையோடு காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவர் மேல் வந்த வெறுப்பு, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் செத்த பிறகும் முழுசாகப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம், நான் சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டி நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வன்னியம்பட்டியில் என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவர்கள் வீட்டுப் பின்னால் வைக்கோல் கொட்டகை உண்டு. அங்கே மறைத்துவிடலாம் என்பது என் திட்டம். எவ்வளவு தூரம், எத்தனை நாள், யார் சோறு போடுவார்கள் என்றெல்லாம் யோசிக்கிற வயசில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் புளியமர நிழலாகப் பார்த்து நடந்தோம். செருப்பு அறுந்து கையில் எடுத்துக்கொண்டேன்.

நாய் நடு ரோட்டுக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. பின்னால் லாரி ஹாரன் கேட்டு நான் மட்டும் ஒதுங்கினேன். கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. பிரேக் சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாய்க்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டில் எதையோ மோந்துகொண்டிருந்தது.

லாரிக்காரர் குதித்து இறங்கினார். கைலி, பனியன், சிவந்த கண்.

"ஏ பிள்ள! சாவதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா? எம்புட்டு நேரமா ஹாரன் அடிக்கேன்!"

"நாய்க்குக் காது கேக்காது."

"ஒனக்குமா கேக்காது?"

அவர் நாயின் பின்னால் போய் உட்கார்ந்து, தலைக்குப் பின்னால் பலமாகக் கை தட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கறை, போட்டோ, டப்பா, பவுடர், கல்யாணம், தண்ணீரில் அமுக்குவது என்று எல்லாவற்றையும் அழுகையோடு கொட்டினேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

"கூறு கெட்ட குடும்பமால்லா இருக்கு" என்றார். பிறகு, "கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவ?" என்று கேட்டார்.

லாரியின் பின் பலகையை இறக்கி நாயைத் தூக்கி மேலே விட்டார். நானும் ஏறினேன். நாய் முன் மூலையில் போய்ச் சாக்குகளை மோந்துகொண்டிருந்தது. நான் பலகையில் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினேன். சட்டென்று திரும்பி என்னிடம் ஓடிவந்தது. அவர் அதைக் கவனித்துக்கொண்டார். என்னை மட்டும் கையைப் பிடித்து இறக்கிவிட்டுப் பலகையைத் தூக்கி மாட்டினார்.

"வீட்டுக்குப் போ. அத்துட்டு ஓடிருச்சுன்னு சொல்லு. என்னயப் பாத்தேன்னு எவன்கிட்டயாவது சொன்ன, தோல உரிச்சிருவேன்."

லாரி போய்விட்டது. முன்பின் தெரியாத ஒரு முரடனிடம் நாயைக் கொடுத்துவிட்டு, கையில் அறுந்த செருப்போடு ரோட்டில் நின்றேன். அவன் அதை வழியில் எங்காவது விற்றுவிடுவான் என்றுதான் நினைத்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் விளக்குமாறு பிய்ந்தது. அதை விவரிக்க வேண்டாம், உங்கள் வீட்டிலும் விளக்குமாறு இருந்திருக்கும். அப்பா மம்சாபுரம் வரைக்கும் சைக்கிளில் தேடிப் போனார். ரைஸ்மில்காரரிடம் போய், நாய் எங்கோ ஊர்சுற்றப் போயிருக்கிறது, வந்துவிடும் என்று உளறிவைத்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ரைஸ்மில்லிலிருந்து ஆள் வந்தது. நெல் ஏற்றிவந்த லாரியில் ஒரு வெள்ளை நாய் உட்கார்ந்திருக்கிறது, உங்கள் நாயா என்று வந்து பாருங்கள் என்று. அப்பா சட்டையை மாட்டினார். நாய்க்குப் பழக்கமானவள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமாவும் சேர்ந்துகொண்டார். லாரிக்காரர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றால் அன்றைக்கு நான் உயிரோடு வீடு திரும்ப மாட்டேன் என்று உறுதியாக நம்பினேன்.

நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களம். ஓரத்தில் நாற்காலி போட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். தவிட்டுத் தூசி காற்றில் பறந்தது. லாரியின் பின் பலகை திறந்து கிடந்தது, நாய் அதன் விளிம்பில் கயிற்றோடு உட்கார்ந்து மறுபக்கம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு தேறியிருந்தது. லாரிக்காரர் டயர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். இதற்கு முன் பார்த்தே இல்லாதவர் மாதிரி பார்த்தார்.

"எங்க பிடிச்ச?" என்றார் முதலாளி.

"ரோட்ல நின்னுச்சு. சோறு போட்டேன், நின்னுக்கிருச்சு. இவிய நாய்னா காட்டட்டும், குடுத்துருதேன்" என்றார் லாரிக்காரர்.

முதலாளி தன் டைரியைப் பிரித்து மாமா எடுத்த படத்தை வெளியில் எடுத்தார். நாயையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்துபோய் அதன் இடது காதைப் பிடித்துப் புரட்டினார்.

"என்னய்யா ஃபிட்டர், இதுக்குக் கறை இருக்கு. போட்டோவுல இல்லயே."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் பார்த்தார், மாமா பக்கம் பார்த்தார். "அழுக்கா இருக்கும் மொதலாளி, லாரில கெடந்துதுல்லா" என்றார். மாமா உடனே கர்ச்சீப்பை எச்சில் தொட்டுக் கறையைத் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தார். நாய் வலியில் கத்தி, தலையை உதறிச் சாலைப் பக்கமே திருப்பிக்கொண்டது. கறை இன்னும் நன்றாகத் தெரிந்தது. களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் மாமா ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நான் டப்பாவைக் கழற்றிவிட்டு எடுத்தேன், இந்த லென்சில் கறை விழாது, இது அந்த நாய்தான் என்று. அதைச் சொன்னால் அப்பா ஏமாற்றுக்காரர் ஆவார், வேலை போகும். சொல்லாவிட்டால் நாய் போகும், நாய் போனாலும் வேலை போகும். இரண்டு பேரும் வேர்த்துப்போய் நின்றார்கள். அவர்களே பறித்த குழி, விழுந்து கிடந்தார்கள். எனக்குப் பாவமாக இல்லை.

"சரி, பேரச் சொல்லிக் கூப்பிடும். ஒம்ம நாய்னா திரும்பும்ல?" என்றார் முதலாளி.

அப்பா தொண்டையைச் செருமினார். "ராணி!" என்று கூப்பிட்டார். அப்படி ஒரு பெயரை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். "ராணி! ஏ ராணி!" களம் முழுக்க எதிரொலித்தது. நாய் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

முதலாளி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. இது ஒங்க நாயா?"

அப்பா என் தோளைப் பிடித்திருந்தார். விரல்கள் அழுந்தின. "ஆமான்னு சொல்லுட்டி" என்று பல்லுக்குள்ளே சொன்னார். நான் நாயைப் பார்த்தேன். ஒரு நிமிஷம், சத்தியமாக, ஆமாம் என்று வாய் வரை வந்துவிட்டது. நாலு எட்டு நடந்து அதன் முகத்துக்கு நேரே கையைத் தூக்கினால் போதும், பாய்ந்து வந்துவிடும். சாயங்காலமே எங்கள் கடப்பைக் கல்லில் படுத்திருக்கும். பிறகு பவுடர். பிறகு மதுரை. பிறகு வாளி.

"இல்ல" என்றேன். "எங்க நாய்க்குக் கறையே கெடையாது. போட்டோவுலயே இருக்குல்லா?"

அப்பாவின் கை என் தோளிலிருந்து விழுந்தது. முதலாளி படத்தை அவரிடம் நீட்டினார். "அப்ப நாய் கெடச்சதும் வாரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லாரிக்காரர் பின் பலகையில் ஏறினார். நாய்க்கு முதுகு காட்டி நின்று, குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார். நாய் திரும்பி எழுந்து அவரிடம் போனது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாமா பார்த்துவிட்டார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சாகும்வரை அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. பேசினால் டப்பாவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

வேறு நாய் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. ஆவணி பிறப்பதற்குள் அப்பா திருப்பூருக்குப் போனார். மாதம் ஒரு தடவை வருவார், வேட்டியில் சாய வாடையோடு. மூன்று வருஷம் அப்படிப் போனது. அம்மா ஒற்றையாளாக எங்களை வைத்துக்கொண்டு பட்ட பாட்டுக்கு என்னுடைய அந்த ஒரு "இல்ல"தான் காரணம். எனக்கு அது தெரியும். வருத்தம் உண்டு. திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இரண்டும் உண்மை.

மில்லிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே அப்பா, "அது நம்ம நாய் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, "இடது காதுல கறை இருந்துச்சா?" என்று கேட்டாள். "நம்ம நாய்க்கு ஏதுட்டி கறை? ஒன் மகளே சொல்லிட்டா" என்று கத்தினார். முதலில் கோபத்தில் சொன்னார். ஒவ்வொரு தடவை ஊரிலிருந்து வரும்போதும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் நம்பியே விட்டார். சுத்த வெள்ளை நாய் வைத்திருந்தோம், தொலைந்துபோயிற்று என்று விருந்தாளிகளிடம் சொல்வார். அம்மாவும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தாள். என் பொய்யை அவர்கள் இரண்டு பேரும் என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

நாயை இன்னொரு தடவை பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து, கிருஷ்ணன்கோவில் பக்கம். எங்கள் பஸ்ஸை ஒரு லாரி முந்திப் போனது, வைக்கோல் பாரத்தின் மேலே அது உட்கார்ந்திருந்தது. காது காற்றில் புரண்டபோது கறை தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டித் தூக்கினேன். கண்டக்டர் திட்டினார். அது முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முரடரை நான் திருடன், குடிகாரன் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நேற்று தங்கை மகன் மறுபடியும் எழுதினான். மாமாவின் பழைய படங்களையெல்லாம் சேர்த்துக் கண்காட்சி மாதிரி வைக்கப் போகிறானாம். எங்கள் வீட்டு நாய்ப் படத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தான், நானும் அனுப்பியிருந்தேன். அதற்குக் கீழே போட ஒரு வரி தயார் செய்து என் சம்மதம் கேட்டிருந்தான்: "கறை படாத வெள்ளை, ராஜபாளையம்."

அம்மா பக்கத்தில் இருந்தாள். எண்பது தாண்டிவிட்டது. படத்தைக் காட்டினேன். "இதுக்கு இடது காதுல கறை உண்டும்மா, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"போட்டீ, கூறுகெட்டவளே" என்றாள் அம்மா. "நம்ம நாய்க்குக் கறையே கெடையாது. போட்டோவுலயே இருக்குல்லா?"

நான் சொன்ன அதே வார்த்தை. நாற்பது வருஷமாக அவள் வாயில் பத்திரமாக இருந்திருக்கிறது. போனை எடுத்துத் தங்கை மகனுக்கு எழுதினேன்: "இடது காதுக்குப் பின்னால் பழுப்புக் கறை உண்டு, புளியங்கொட்டை அளவு. அதற்குக் காது கேட்காது. பெயர் கிடையாது. இதை எழுதாமல் படத்தைப் போடாதே."

உடனே பதில் வந்தது. "பெரிசாக்கிப் பாத்துட்டேன் பெரியம்மா. கறை எதுவும் தெரியலியே?"

"தெரியாது" என்று எழுதினேன். "தெரியக் கூடாதுன்னுதான் எடுத்தாங்க."